இனிப்பும் வாக்குறுதியும்

ஓர் இனிப்புத் துண்டைக் குழந்தையின் முன்னர் வைத்து, அஃது அதனை உடனே உண்கின்றதா, பொறுத்திருக்கின்றதா என்று பார்த்த அளவிலே அக்குழந்தையின் எதிர்கால வாழ்வு முழுவதையும் கணித்துவிடலாம் என்னும் கருத்தொன்று இந்நாளில் மேடைகளிலும் நூல்களிலும் பெரிதும் வழங்கி வருகின்றது. பொறுத்த குழந்தை கல்வியிலும் தொழிலிலும் உயரும், பொறாத குழந்தை தாழும் என்பர். இக்கதையைக் கேளாத மாணவர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். பெற்றோர் சிலர் தம் மழலையர் முன் மிட்டாயை வைத்துவிட்டு, அவர் படும் பாட்டைக் கைப்பேசியிற் படம் பிடித்து மகிழ்வதையும் காண்கின்றோம். விளையாட்டளவில் இதனால் தீங்கொன்றுமில்லை. ஆயின், இக்கதையையே அளவுகோலாகக் கொண்டு இளைஞரைத் தரம் பிரிக்கவும், வறுமையாற் படிப்பை இடையில் விட்டவரை மனவுறுதி அற்றவர் என்று தள்ளவும் முற்படுங்கால், அச்சோதனை மெய்யாகவே எதனைக் காட்டிற்று என்று ஆராய்தல் கற்றோர் கடனாகின்றது. காத்திருக்கும் குழந்தையை மட்டுமன்று, காத்திருக்கச் சொல்லும் பெரியோரையும் அச்சோதனைகள் அளக்கின்றன என்பதும், அவ்விரண்டாம் அளவையே நாம் மறந்துவிட்டோம் என்பதும் எம் கருத்து.

சோதனையை இயற்றியவர் வால்ட்டர் மிஷெல் என்னும் உளநூற் பேராசிரியர். 1930-ஆம் ஆண்டில் வியன்னா நகரிற் பிறந்து, நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938-இல் பெற்றோருடன் நாடு நீங்கி, அமெரிக்காவின் புரூக்ளினில் வளர்ந்தவர், 2018-இல் காலமானார். கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றிய காலத்து, அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிங் மழலையர் பள்ளியில் 1960-களின் பிற்பகுதி தொடங்கிச் சில ஆண்டுகள் இச்சோதனைகள் நடந்தன. நான்கு வயதளவினதாகிய குழந்தையை ஒரு சிற்றறைக்கு அழைத்துச் செல்வர். ஆங்கே மேசைமேல் அது விரும்பும் தின்பண்டம் இருக்கும். மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு போன்ற இனிப்பே பெயர் பெற்றதாயினும், பிஸ்கட்டும் உப்புப் பிரெட்செல்லும் வைக்கப்பட்டதுண்டு. அருகில் ஒரு சிறு மணியும் இருக்கும். பெரியவர் வெளியே செல்வார். அவர் தாமாகத் திரும்பி வரும்வரை காத்திருந்தால் நல்ல பரிசு கிடைக்கும்; பொறுக்க இயலாவிடின் மணியை அடிக்கலாம், அவரும் உடனே வருவார், ஆனாற் குறைந்த பரிசே கிடைக்கும். இதுவே ஏற்பாடு. பதினைந்து நிமிடம் வரை காத்திருக்கச் செய்வதுண்டு. அவ்வெல்லை குழந்தைக்குத் தெரியாது.

தனித்து விடப்பட்ட அச்சிறுவர் செய்த உபாயங்கள் படிப்போர்க்கு இன்பம் தருவன. சிலர் கண்களைக் கையால் மூடிக்கொண்டனர். சிலர் தமக்குத் தாமே பாடினர். சிலர் கையுங்காலுமாக விளையாட்டு ஒன்றைப் புனைந்துகொண்டனர்; உறங்க முயன்றோரும் உளர். சோதனை என்னும் நம் சொல் பரிசோதனைக்கும் ஆசைகாட்டி ஈர்த்தலுக்கும் ஒருங்கே வழங்குவது இவ்விடத்துப் பெரிதும் பொருந்துகின்றது.

இனி, அவர் கண்டது யாது? மிஷெலும் எபெசன் என்பாரும் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில், இருவகைப் பரிசுகளும் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிடமே பொறுத்தனர் என்றும், அவை கண்ணுக்கு மறைக்கப்பட்டபோது ஏறக்குறையப் பதினொரு நிமிடம் பொறுத்தனர் என்றும் கூறப்பட்டுள்ளது. பின்னர் நடந்த சோதனைகளில், எதிரேயுள்ள இனிப்பை வானத்து வெண்மேகமாக எண்ணிக்கொள் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் நெடுநேரம் பொறுத்தனர். அதன் சுவையையே எண்ணுமாறு சொல்லப்பட்டோர் விரைவிற் தளர்ந்தனர். ஒரு மறைப்பு பத்து நிமிடப் பொறுமையைத் தந்துவிடுமாயின், அப்பொறுமையைக் குழந்தையின் மாறாப் பிறவிக்குணம் என்பது எங்ஙனம் பொருந்தும்? எந்தக் குழந்தை வலியது என்று பிரித்தறிவது மிஷெலின் முதல் நோக்கமன்று. எச்சூழலில், எவ்வெண்ணத்தினால் காத்திருத்தல் எவர்க்கும் எளிதாகின்றது என்பதையே அவர் ஆராய்ந்தார். பின்னாளில் உலகம் அவர் தலைமேல் ஏற்றிய கதையோ இதற்கு நேர்மாறானது.

ஆராய்ச்சி ஜாதகமாக மாறிய விதம் வருமாறு. மிஷெலின் புதல்வியர் மூவரும் அதே பள்ளியிற் பயின்றவர்கள். அவர்தம் உடன்பயின்றோர் வளர்ந்து வரும் செய்தியை வீட்டுப் பேச்சிற் கேட்டு வந்த தந்தை, பழைய குறிப்புகளை எடுத்து ஒப்புநோக்கத் தொடங்கினார். ஷோடா, பீக் என்னும் இருவருடன் அவர் 1990-இல் வெளியிட்ட கட்டுரையே, பொறுத்த குழந்தைகள் பதின்பருவத்திற் கல்லூரி நுழைவுக்குரிய எஸ்.ஏ.டி. தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றனர் என்னும் செய்தியைப் பரப்பிற்று. பள்ளியிற் சோதிக்கப்பட்டோர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவர். ஆயினும் அத்தேர்வு மதிப்பெண்ணோடு வலிய தொடர்பு காணப்பட்டது, இனிப்புக் கண்ணெதிரே இருக்க, யாதோர் உபாயமும் சொல்லிக் கொடுக்கப்படாத குழந்தைகளிடத்தே. அவருள் மதிப்பெண் கிடைத்தவர் 35 பேர். அவரும் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆசிரியர், மாணவர் ஆகியோரின் மக்கள். எண்ணிக்கை சிறிதாதலின் எச்சரிக்கையோடு கொள்ளவேண்டும் என்று கட்டுரையாளரே எழுதியிருந்தனர். அவ்வெச்சரிக்கை கட்டுரையை விட்டு வெளியே வரவில்லை. கதை மட்டும் வெளியே வந்து உலகெங்கும் உலவிற்று.

2018-இல் வாட்ஸ், டங்கன், குவான் என்னும் மூவர், பல்வகைக் குடும்பங்களைச் சேர்ந்த தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கக் குழந்தைகளின் குறிப்புகளைக் கொண்டு இதனை மீண்டும் ஆராய்ந்தனர். நாலரை வயதிற் காத்திருந்தமைக்கும் பதினைந்து வயதிற் கல்வித் திறத்துக்கும் உள்ள தொடர்பு, முன்னைய ஆய்விற் கண்டதில் ஏறத்தாழப் பாதியளவே இருந்தது. குடும்பத்தின் நிலை, வீட்டுச் சூழல், குழந்தையின் தொடக்க அறிவுத்திறன் ஆகியவற்றையும் கணக்கிற் கொண்டபோது, எஞ்சிய அப்பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. அக்குழந்தைகளே இருபத்தாறு வயதினரான பின் செய்யப்பட்டு 2024-இல் வெளிவந்த ஆய்வும், இனிப்புச் சோதனை முதிர்ந்த வாழ்வை நம்பத்தக்க வகையில் முன்னறிவிப்பதில்லை என்றே கூறுகின்றது. ஜாதகம் பொய்த்தது. ஆயினும் அச்சிற்றறையில் நிகழ்ந்தது பொய்யன்று. ஒரு குழந்தை காத்திருந்தது, மற்றொன்று காத்திருக்கவில்லை. ஏன்?

இவ்வினாவுக்கு எம் உள்ளம் கவர்ந்த விடை நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. செலெஸ்ட் கிட் என்னும் ஆராய்ச்சியாளர், முன்னர்க் கலிபோர்னியாவில் வீடற்ற குடும்பங்கள் தங்கும் விடுதியொன்றிற் தொண்டு செய்தவர். தம்மிலும் பெரிய பிள்ளைகள் எந்நொடியிலும் கைப்பொருளைப் பறித்துவிடக்கூடிய அவ்விடத்தில், எந்தக் குழந்தைதான் இனிப்பை வைத்துக்கொண்டு காத்திருக்கும் என்று அவர்க்கு ஐயம் எழுந்தது. கையிற் கிடைத்ததை உடனே உண்பதே ஆங்கு அறிவுடைமை யன்றோ?

அவரும் அவர்தம் துணைவரும் 28 குழந்தைகளை இரு பகுதியாக்கினர். முதலில் ஒவ்வொரு குழந்தைக்கும் பழைய வண்ணக்கோல்கள் சில தரப்பட்டன. சற்றுப் பொறுத்தால் இவற்றினும் மிக நல்லவற்றைக் கொணர்வேன் என்று சொல்லிப் பெரியவர் சென்றார். ஒரு பகுதியார்க்குச் சொன்னவாறே அழகிய வண்ணப் பொருள்கள் வந்தன. மற்றைப் பகுதியார்க்கோ அவர் வெறுங்கையோடு வந்து, மன்னித்துக்கொள், என்னிடம் அவை இல்லை, பழையவற்றையே வைத்துக்கொள் என்று சொன்னார். பின்னர் ஒட்டுப்படம் ஒன்றைக் கொடுத்து, இதனினும் பெரியனவும் நல்லனவும் கொணர்வேன் என்றார். மீண்டும் முதற்பகுதியார்க்கு வாக்கு நிறைவேறிற்று. மற்றையோர்க்கு இரண்டாம் முறையும் மன்னிப்பே கிடைத்தது. அதன் பின்னரே மார்ஷ்மெல்லோ மேசைக்கு வந்தது.

வாக்குத் தவறாதவரைக் கண்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தனர். இருமுறை ஏமாந்தோர் மூன்று நிமிடமே பொறுத்தனர். முன்னவர் 14 பேரில் 9 பேர் பதினைந்து நிமிடமும் காத்திருந்தனர். பின்னவர் 14 பேரில் ஒருவரே அங்ஙனம் காத்திருந்தார். 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சான இவ்வாராய்ச்சி அளவிற் சிறியது. ஆதலின் இவ்வெண்களை மட்டும் கொண்டு உலகியல் விதி வகுத்தல் தகாது. ஆயினும் அதன் கருத்து அளவிற் பெரியது. குழந்தைகள் வேறு வேறு மனவுறுதியோடு பிறந்தமையால் இவ்வேற்றுமை விளைந்ததன்று. எக்குழந்தை எப்பகுதியிற் சேரும் என்பதனை ஆராய்ச்சியாளரே குறித்தனர். அரைமணிக்கும் குறைந்த பொழுதில், இரண்டு பொய்த்த வாக்குகளால், பொறுமையுள்ள குழந்தை பொறுமையற்ற குழந்தையாகத் தோன்றலாயிற்று. அதனை அவசரக்காரன் என்று அழைப்பது எவ்வளவு அநீதி! முன்னே நின்ற பெரியவரை அது சரியாகவே எடை போட்டது.

வியப்பென்னவெனின், மிஷெலே இதனைத் தம் இளமையிற் கண்டிருந்தார். பிங் பள்ளிக்கு முன்னர், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய திரினிடாடில் அவர் செய்த ஆராய்ச்சி 1958-இல் வெளிவந்தது. அங்கு ஆப்பிரிக்க வழியினரும், கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் வழியினரும் அருகருகே வாழ்ந்தனர். ஒரு சாரார் மற்றொரு சாராரைப் பற்றி, நாளையை எண்ணாது இன்றைக்கே வாழ்பவர் என்றும், இன்பமறியாது பணம் சேர்ப்பவர் என்றும் பேசிக்கொண்டனர். ஏழு முதல் ஒன்பது வயதுள்ள பிள்ளைகளிடம், இன்றே ஒரு சிறு மிட்டாய் வேண்டுமா, ஒருவாரம் பொறுத்துப் பெரிய மிட்டாய் வேண்டுமா என்று மிஷெல் கேட்டார். இனவேற்றுமை காணப்பட்டது உண்மையே. ஆனால் தந்தை உடனில்லாத வீட்டுப் பிள்ளைகள் இன்றைய மிட்டாயையே மிகுதியும் வேண்டினர் என்பதும், அதனைக் கணக்கிற் கொண்டபோது இனவேற்றுமை பெரிதும் தளர்ந்தது என்பதும் உடன் காணப்பட்டன. சொன்ன சொல்லைக் காக்கும் ஆடவரைக் கண்டறியாத பிள்ளை, அயல்நாட்டினின்று வந்த முன்பின் அறியாத ஓர் ஆடவர் அடுத்த வாரம் மிட்டாயோடு வருவார் என்று ஏன் நம்பவேண்டும்? மிஷெலும் பின்னாளில் இவ்வாறே விளக்கம் கூறினார். ஓரினத்தின் குணம் என்று ஊரார் பேசியது, ஆராய்ந்து பார்க்கின் நம்பிக்கையின் கணக்காக முடிந்தது. இந்நாளிலும் இத்தகைய ஊர்ப்பேச்சு நம்மைச் சுற்றி எத்தனை வடிவில் வழங்குகின்றது என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வேறு நாட்டுச் செய்திகள் இரண்டனை மட்டும் சுருங்கக் கூறி மேற்செல்வோம். கமரூன் நாட்டு ந்சோ உழவர் குடிக் குழந்தைகளையும் ஜெர்மானிய நடுத்தரக் குடும்பத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த ஆய்வில், ந்சோ குழந்தைகளிற் பத்துக்கு ஏழ்வரும் ஜெர்மானியக் குழந்தைகளிற் பத்துக்கு மூவரும் இரண்டாம் பண்டத்துக்காகக் காத்திருந்தனர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், ஜப்பானியக் குழந்தைகள் உணவுக்கு நெடுநேரம் காத்து, உறையிட்ட பரிசுப் பொருளுக்குக் காத்திராது தளர்ந்தனர். அமெரிக்கக் குழந்தைகளோ பரிசுக்குக் காத்து உணவுக்குத் தளர்ந்தனர். எல்லார்க்கும் பரிமாறிய பின்னரே உண்ணுதல் ஜப்பானிய வழக்கம். விழா நாளிற் பரிசைப் பிரியாது வைத்திருத்தல் அமெரிக்க வழக்கம். பழக்கம் துணைநிற்கும் இடத்தில் மனவுறுதி தானே தோன்றுகின்றது என்க.

மனவுறுதி என்பது ஒவ்வொருவர் உள்ளத்தும் எண்ணெய்போல் அளவாக இருந்து, செலவிடச் செலவிடக் குறையும் என்றொரு கொள்கையும் சில காலம் கொடிகட்டிப் பறந்தது. பாமைஸ்டர் என்பாரும் அவர் துணைவரும் 1998-இல் வெளியிட்ட சோதனையில், மணக்கும் சாக்கலேட்டுப் பிஸ்கட்டின் எதிரே முள்ளங்கியை மட்டும் தின்னப் பணிக்கப்பட்ட மாணவர், அதன்பின் தீர்க்கவொண்ணாப் புதிரொன்றைச் சற்றேறக்குறைய எட்டு நிமிடத்திற் கைவிட்டனர். பிஸ்கட்டுத் தின்றோர் பத்தொன்பது நிமிடம் முயன்றனர். முள்ளங்கி தின்னவைத்த சினத்தாலே புதிரை எறிந்தனரோ என்று கேட்கத் தோன்றுகின்றது, அது கிடக்க. 2016-இல் இருபத்துமூன்று ஆய்வகங்கள் ஒன்றுகூடி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் இக்கொள்கையை வேறொரு முறையாற் சோதித்தபோது, அவ்விளைவு ஏறக்குறைய இன்மையாகவே முடிந்தது. உள்ளிருக்கும் எண்ணெயை அளந்து மாந்தரைத் தரம் பிரிக்கலாம் என்போர்க்கு இதுவும் ஒரு தடை.

அற்றேல், மனவடக்கம் என்பதொன்று இல்லையோ, அதனாற் பயனில்லையோ எனின், அங்ஙனம் யாம் கூறுகின்றிலேம். நியூசீலந்தின் டுனீடின் நகரில் 1972, 1973-ஆம் ஆண்டுகளிற் பிறந்த ஆயிரம் பேரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு, இளமையில் அடக்கமுடையராய் மதிக்கப்பட்டோர் முப்பத்திரண்டு வயதில் உடல்நலம், செல்வநிலை முதலியவற்றில் மேம்பட்டிருந்தனர் என்று 2011-இற் காட்டிற்று. குடும்ப நிலையையும் அறிவுத்திறனையும் கணக்கிற் கொண்ட பின்னும் அத்தொடர்பு நின்றது. இதனை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் ஆங்கு அளவை எடுத்த முறையை நோக்குக. மூன்று வயது முதற் பதினொரு வயது வரை பெற்றோரும் ஆசிரியரும் பிறரும் பலமுறை கண்டு சொன்னவற்றைத் தொகுத்தே அதனை மதித்தனர். எட்டாண்டுக் கவனிப்பு ஒன்று. பதினைந்து நிமிடத்து மிட்டாய் ஒன்று. மேலும், அடக்கத்துக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். முன்னதை மாணவர்க்கு மனப்பாடம் செய்விக்கும் நாம், பின்னதை நம்மேற் சார்த்திப் பார்ப்பது அரிது.

இனி நம்மிடத்துக்கு வருவோம். கல்லூரிப் படிப்பும் இத்தகைய காத்திருப்பே. பதினைந்து நிமிடம் மூன்று ஆண்டாக நீண்டுள்ளது. இன்றைய கூலியை விட்டு நாளைய சம்பளத்துக்குப் பொறுத்திருக்க மாணவரைப் பணிக்கின்றோம். தமையன் பட்டம் பெற்றும் அதற்கேற்ற பணி கிடையாது ஊரில் இருக்கின்றான். ஆண்டுத் தொடக்கத்தில் வரவேண்டிய உதவித்தொகை தேர்வு முடிந்தும் வரவில்லை. இவ்விரண்டையும் கண்ட ஒரு மாணவன் இரண்டாம் ஆண்டின் இடையில் வேலைக்குச் சென்றுவிட்டால், அவனுக்கு மனவுறுதி போதாது என்று ஆசிரியர் அறையில் ஒரு சொல்லிற் தீர்ப்பு வழங்கிவிடுகின்றோம். அவன் ராச்செஸ்டரில் இருமுறை மன்னிப்புக் கேட்கப்பெற்ற குழந்தை. அவனை நோக்கிப் பொறுமையின் பெருமையைப் பேசுவதனால் யாது பயன்?

உதவித்தொகை வழங்குவது கல்லூரியன்று, அரசியலாரின் அலுவலகம் என்று விடை கூறலாம். ஓரளவு மெய்யே. ஆயின், நம் கையிலுள்ள வாக்குகளும் பல. திருத்திய விடைத்தாளைத் திருப்பித் தருவதாகச் சொன்ன நாள், நூலகத்துக்கு வரும் என்று சொல்லப்பட்ட நூல், விடுதிக் கட்டணத்திற் குறைப்பதாகக் கூறிய தொகை, பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்ட கிழமை, இவையெல்லாம் சிறியனவே. வண்ணக்கோலும் ஒட்டுப்படமும் இவற்றினும் சிறியன. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாணவர்க்குத் தான் செய்யவிருப்பனவற்றை நாட்குறித்து எழுதி, அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிற் கல்லூரி ஒட்டிவைத்தல் வேண்டும். பருவ முடிவில் எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்று அதன் அருகே எழுதுதல் வேண்டும். இதற்குப் பணம் வேண்டுவதில்லை, ஒரு தாளே போதும். இயலாத வாக்கைக் கொடாதிருத்தலும் அத்தாளைப் பார்த்தே கற்றுக்கொள்ளப்படும். மாணவரின் வருகைக் குறைவைப் பலகையில் ஒட்டும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக உள்ளதாகலின், இது பெரும் புதுமையுமன்று.

உளநூல் பயிலும் மாணவர் இச்சோதனையைத் தாமும் செய்துபார்க்க விழைவரேல், பெற்றோரின் இசைவு பெற்றுச் செய்க. எக்குழந்தை பொறுத்தது, எது பொறுக்கவில்லை என்று அதன் காதுபட எவர்க்கும் சொல்லவேண்டா. ராச்செஸ்டர் ஆராய்ச்சியாளரின் செயலொன்றையும் மறவாது பின்பற்றுக. சோதனை முடிந்தபின் அவர்கள், காத்திருந்த குழந்தை காத்திராத குழந்தை என்னும் வேறுபாடு பாராது, எல்லார்க்கும் மேலும் இனிப்புகள் கொடுத்தே வீட்டுக்கு அனுப்பினர்.